ஏலக்காய் ஸ்டோரில் ஒரு ஈஸ்ட் பெட்டி

இதை வாசிக்கும் நீங்கள் நடுவர் அல்ல, சாட்சி. தீர்ப்புகளைப் பேச்சுப்போட்டி மேடைகளில் வேண்டிய அளவு பெற்றுவிட்டேன், பெரும்பாலும் எனக்குச் சாதகமாகவே. நடந்ததை நடந்தபடி பார்த்தவர் ஒருவர் வேண்டும் என்பதற்காகவே உங்களை அழைக்கிறேன்.

போடியில் கல்லூரி இறுதியாண்டில் நானும் என் நண்பனும் ஒரே ஆய்வில் இருந்தோம். கைவேலை அவனுடையது, பேச்சு என்னுடையது. எங்களிடம் இருந்தது குணம் மாறிய ஒரு ஈஸ்ட். ரொட்டி மாவை உப்பச் செய்யும் அதே பூஞ்சை இனம்தான். ஆனால் இது குளிர்ச்சியில் மட்டுமே பெருகும். உடம்புச் சூட்டளவுக்கு வெப்பம் ஏறினால் பெருகுவதை நிறுத்திவிட்டு, மிஞ்சும் சத்தையெல்லாம் நமக்கு வேண்டிய புரதத்தைச் செய்வதில் செலவிடும். சலவைத்தூளில் கறை நீக்கும் நொதி அத்தகைய ஒரு புரதம். அதைத் தயாரிக்கும் தொழிற்கூடம் ஒன்றில் நண்பனுக்குப் பயிற்சி இடம் கிடைப்பதாக இருந்தது. திங்கட்கிழமை நாங்கள் உயிருள்ள ஈஸ்ட்டோடு அவர்கள்முன் நிற்கவேண்டும். நான் பேச, அவன் காட்டவேண்டும்.

கோடை குறுக்கே வந்தது. கல்லூரியின் குளிர்பெட்டி பழுதாகிக் கிடக்க, அறைச்சூட்டிலேயே ஈஸ்ட் முடங்கிப்போனது.

"எங்க வீடே குளிர்பெட்டிதான் மாப்ளே. வெரசா வா, ஜீப்பு போயிரும்" என்றான் நண்பன்.

அவனுடைய பெற்றோர் மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். சனிக்கிழமை காலை, தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கு நடுவே, மடியில் ஈஸ்ட் வளரும் தட்டுகள் அடுக்கிய பெட்டியோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்தோம்.

"என்ன தம்பி, பிரியாணியா?" என்று ஒரு அக்கா கேட்டார்.

"இல்லக்கா, பூஞ்சை" என்றான் நண்பன்.

"போடியில கெடைக்காததா? அதை எங்க ஊருக்கே கொண்டாறீகளே!" ஜீப்பே சிரித்தது.

வீட்டில் கட்டிலுக்கடியில் பெட்டியை வைத்துவிட்டு ஓடையில் குளிக்கப் போனோம். மாலையில் திரும்பியபோது பெட்டி இல்லை.

"மஞ்சு எறங்கிருச்சுல்ல" என்றார் நண்பனின் அப்பா, வாசலை மூடியிருந்த பனிமூட்டத்தைக் காட்டி. "ஈரத்துல பூசணம் பூத்துரும்னு ஸ்டோர்ல வச்சிருக்கேன்."

அடுப்பு மூட்டி ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்பார்கள். கம்பளி, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ் என ஈரம் தின்னக்கூடிய எதையும் அதன் சூட்டுச் சுவரோரம் வைத்துக் காப்பது அங்கே வழக்கம். பூஞ்சைக்குப் பயந்து அவர் பத்திரப்படுத்தியது பூஞ்சையைத்தான்.

நண்பன் ஓடினான். சுவரோரம் இருந்த பெட்டி, காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது. தூக்கிவந்து கட்டிலுக்கடியில் மறுபடி வைத்தான்.

"செத்துருச்சா அப்பு?" என்று கேட்டார் அப்பா.

"தெரியலப்பா. வளர்றது மட்டும் நின்னுருந்தா, குளிர்ந்ததும் வளரும். வளரலைன்னா சூடு மிஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவரைத் தேற்ற நினைத்து, வெப்பத்தில் ஈஸ்ட் என்ன செய்யும் என்பதை என் நல்ல தமிழில் விரித்துரைத்தேன்.

"பிள்ளகுட்டி பெறுறத விட்டுட்டுச் சோலியப் பாக்குதாக்கும்" என்றார். நண்பன் அப்போதுதான் சிரித்தான்.

ஞாயிறு மாலை தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மோர் தெறித்தாற்போல் வெண்புள்ளிகள் எழும்பியிருந்தன. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்தார்.

என் மனத்தில் உரை தானாகவே உருவாகிவிட்டது. "மாப்ளே, சூட்டுல நிறுத்தினோம், குளிர்ல எழுப்பினோம்னு பேசுவோம். திட்டம் போட்டுச் செஞ்ச சோதனை மாதிரியே இருக்கும்" என்றேன்.

"எத்தனை டிகிரின்னு கேப்பாங்க. நாக்கால அளந்தோம்னு சொல்லுவியா?" என்றான் அவன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்றாப்லயே சொல்லிருங்க. அப்பன் அடுப்புச் சுவத்துல வச்சுட்டான்னு தெரிஞ்சா பையனுக்கு எடம் குடுக்க மாட்டாக."

நண்பன் தட்டுகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. கேட்கிறவர்கள் அவனிடம் அடுத்தடுத்துக் கேட்பார்கள், என்னிடம் அல்ல. ஜோடித்த ஒரு வாக்கியத்தை அவன் எத்தனை கேள்விகளுக்குத் தாங்கிப் பிடிக்கவேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். பிறகு எழுந்து நின்று, மைக் இல்லாத அந்த அறையில், இருவருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"அப்பா, நீங்க ஸ்டோர்ல வச்சீங்க, அளக்காத சூட்டுல நின்னுச்சு, குளிர்ந்ததும் வளர்ந்துச்சு. நாளைக்கு இது மூணையும்தான் பேசுவேன். ஒண்ணு கூட்ட மாட்டேன், ஒண்ணு குறைக்க மாட்டேன்."