ஏழாம் நம்பர் லாரிக்கு ஒரு கேம் ஷாஃப்ட்

ராயப்பேட்டைப் பட்டறையில் அன்று இருந்தவர்கள்: பட்டறைக்காரர் பாய். சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்த என் மனைவி. ஆபீஸ் சட்டையோடு அவள் தம்பி. கூப்பிடாமல் வந்த ஆறாம் நம்பர் லாரிக்காரன். நான். மேஜைமேல் இரண்டு கேம் ஷாஃப்ட். வாசலில் என் லாரி, பானெட்டைத் திறந்துபோட்டு நின்றது.

எழுபதுகளின் தொடக்கம். நான் ஐஸ் லாரி ஓட்டினேன். ஃபாக்டரியில் ஐஸ் பாளங்களை ஏற்றி, உமி கொட்டி, ஈரச் சாக்கு போட்டு மூடி, மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்று இறக்கிக்கொண்டே போக வேண்டும். சோடாக் கடை, ஜூஸ் கடை, மீன்காரர்கள். மனைவி கூடவே வருவாள். மூடுவதும் கடைக்காரரிடம் பேசுவதும் அவள் பொறுப்பு.

ஏழு லாரிகள். ஏற்றும் மேடை ஒன்றுதான். மேடைச் சுவரில் ஒவ்வொரு லாரிக்கும் எதிரே சாக்பீஸால் வரிசை எண் எழுதியிருக்கும். கடைசியாகச் சேர்ந்தவன் நான். ஏழு. முதல் லாரி விடியுமுன் கிளம்பிவிடும். எனக்கு ஏற்றி முடிப்பதற்குள் வெயில் சுள்ளென்று அடிக்கும். பாண்டி பஜாரில் பஸ்ஸுக்கும் பள்ளிக்கூட ரிக்‌ஷாவுக்கும் நடுவே ஊர்ந்து போவோம். பின்னால் தண்ணீர் ஒழுகிக்கொண்டே வரும். கடைக்காரர் பாளத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, சோப்புக் கட்டி மாரி கீது? எடுத்துக்கினு போ" என்பார். போன கோடையில் பாதிக் கடைகள் விட்டுப் போயின. இன்னொரு கோடை அப்படிப் போனால் லாரியை விற்க வேண்டியதுதான்.

வரிசை மாற ஒரே வழி இருந்தது. கோடைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஏழு லாரிகளும் அடையாறு தாண்டிக் கடலோரச் சாலைக்குப் போகும். காலி லாரி. மதகருகில் நின்ற இடத்திலிருந்து கிளம்பி, சவுக்குத் தோப்பு வரை. இரண்டு லாரிக்குத்தான் சாலையில் இடம் உண்டு. வரிசையில் பின்னால் இருப்பவன் தனக்கு முன்னால் இருப்பவனைப் போட்டிக்குக் கூப்பிடலாம். ஜெயித்தால் அவன் இடம். அதற்கும் மேலே இருப்பவனை அடுத்துக் கூப்பிடலாம். தோற்றால் அதோடு சரி. யார் போட்ட சட்டமோ, எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

என் லாரி மிலிட்டரிக்காரர்கள் கழித்துப் போட்டது. ஆறு சிலிண்டர், பெட்ரோல். கேம் ஷாஃப்ட் என்பது என்ஜினுக்குள் சுற்றுகிற இரும்புத் தண்டு. அதில் முட்டை வடிவில் மேடுகள் இருக்கும். மேடு வந்து தள்ளினால் வால்வு திறக்கும், என்ஜின் மூச்சு இழுக்கும். என்னுடையதில் மேடுகள் தேய்ந்துபோயிருந்தன. மாற்றாமல் ஓட்ட முடியாது. புதுசு கிடைக்காத காலம். பாய் அலைந்து இரண்டு கொண்டுவந்திருந்தார். ஒன்று, உடைத்த லாரியில் எடுத்தது. கம்பெனி கொடுத்தபடியே இருந்தது. மற்றது, இதே என்ஜினைக் காரில் வைத்து ரேஸ் ஓட்டிய ஒருவர் விட்டுப்போனது. மேடுகளின் வடிவத்தையே மாற்றிக் கடைந்திருந்தார்கள். வால்வு அதிகம் திறக்கும், அதிக நேரம் திறந்திருக்கும். என்ஜின் வேகமாகச் சுற்றும்போது பிய்த்துக்கொண்டு போகும். மெதுவாகச் சுற்றினால் திணறும்.

"கம்பெனி சாமானையே போட்டுக்கோ நைனா" என்றார் பாய். "ரேஸ் சாமான் ஊருக்குள்ள ஆவாது. பாண்டி பஜார்ல நிக்கற எடத்துல எல்லாம் ஆஃப் ஆவும். பெட்ரோல் வேற சும்மா தண்ணி மாரி குடிக்கும்."

"பாய் சொல்றத கேளு மாமா" என்றான் மைத்துனன். "நீ ஓட்டறது ஐஸ் வண்டி. ஏரோப்ளேன் இல்ல."

ஆறாம் நம்பர் இரண்டு தண்டையும் உருட்டிப் பார்த்தான். "எத போட்டா இன்னா மச்சி? ஏழுக்கு அப்பால நம்பரே கெடையாது. உன்ன யாரும் கீழ எறக்க முடியாது. நிம்மதியா இரு."

"ஒரு தபா உள்ள வெச்சி மூடிட்டேன்னா சீசன் முடியற வரிக்கும் பிரிக்க மாட்டேன்" என்றார் பாய். "ரோசன பண்ணி சொல்லு."

யோசித்தேன். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. நெரிசலில் ஊர்வதற்குக் கம்பெனி சாமான்தான் தோது. ஆனால் நெரிசல் யாருக்கு? ஏழாவதாகக் கிளம்புகிறவனுக்கு. முன்னால் கிளம்புகிறவனுக்குச் சாலை காலி. அவன் எங்கே நிற்கப் போகிறான்? கடைசியில் நிற்பதற்குத் தோதான சாமானை நானே வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டுமாம். ரேஸ் சாமானைப் போட்டுத் தோற்றால், ஊரவே முடியாத லாரியோடு ஏழாவதில் நிற்பேன். அத்தோடு முடிந்தது. அதுவும் தெரியும்.

"ரேஸ் சாமான போடு பாய்" என்றேன்.

மைத்துனன் அக்காவிடம் திரும்பினான். "நீயாச்சும் சொல்லுக்கா."

அவள் எழுந்து சேலையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டினாள். "கடை கடையா பேச்சு வாங்கறது நானா, நீயா? ஆபீஸுக்கு டைம் ஆவுது, கெளம்பு."

மாட்டி முடித்து ஸ்டார்ட் செய்தோம். லாரி நின்ற இடத்திலேயே உதறியது. வாசலில் நின்று கேட்ட ஆறாம் நம்பருக்குத் தலைகால் புரியவில்லை. "குளிர் ஜொரம் மச்சி. கசாயம் வெச்சிக் குடு" என்றான். ஃபாக்டரி முழுக்கச் சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சிரிப்பதற்கென்றே எல்லாரும் சீக்கிரம் வந்திருந்தார்கள். அவன் நிஜமாகவே டம்ளரில் மிளகுக் கஷாயம் கொண்டுவந்து என் பானெட் மேல் வைத்தான். என்ஜின் உதறிய உதறலில் டம்ளர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கீழே விழுந்தது. சிரிப்பு அடங்கவே இல்லை.

துண்டை வீசினார்கள். கிளம்பும்போது என் லாரி இருமியது. அவன் ஒரு லாரி நீளம் முன்னால் போய்விட்டான். நான் கியர் மாற்றவில்லை. மற்றவர்கள் மாற்றும் இடம் தாண்டியும் அதே கியரில் மிதித்தேன். என்ஜின் சத்தம் மாறியது. அப்புறம்தான் மாற்றினேன். தோப்புக்கு முன்னாலேயே அவனைத் தாண்டிவிட்டேன்.

"செல்லாது மச்சி, எனக்கு கியர் மாட்டிக்கிச்சி" என்று கத்திக்கொண்டே இறங்கினான்.

"கசாயம் குடிச்சிட்டு வா" என்றாள் என் மனைவி.

ஐந்தாம் நம்பரைக் கூப்பிட்டேன். பிறகு நான்கு. மூன்று. ஒவ்வொரு தடவையும் முதலில் பின்தங்கினேன், பாதிக்கு மேல் பிடித்தேன். சிரிப்பு நின்றுபோயிருந்தது. இரண்டாம் நம்பரோடு ஓடி முடித்தபோது ரேடியேட்டர் கொதித்தது. அந்த ஓட்டத்தில் என் பானெட் மட்டும்தான் முன்னால் இருந்தது. போதும்.

மனைவி தண்ணீர் ஊற்றினாள். "அவரையும் கூப்புடு" என்றாள்.

முதலாம் நம்பர் பெரியவர். நல்ல வண்டி, நல்ல கை. நான் எங்கே பிடிக்கிறேன் என்று கவனித்து வைத்திருந்தார். கிளம்பும்போதே நிறைய இடம் எடுத்துக்கொண்டார். எட்டிப் பிடித்தேன், தாண்ட முடியவில்லை. தோப்பில் அவருடைய முன்சக்கரம் முன்னால் இருந்தது.

"ரெண்டாவதா வந்துட்ட இல்ல, அந்த சாமான கழட்டிப் போட்டுடு தம்பி" என்றார். "வண்டி வீணாப் பூடும்."

"அடுத்த வருசமும் இந்த ரோடு இங்கதான கீது" என்றேன்.

அந்தக் கோடை முழுக்க லாரி பெட்ரோலை விழுங்கியது. ஒருநாள் லஸ் முனையில் மாட்டு வண்டிகளுக்கு நடுவே நின்றுபோய், நான் இறங்கி முன்னால் கம்பி போட்டுச் சுற்றிக் கிளப்பினேன். வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். பாண்டி பஜாரை மட்டும் கடைகள் திறக்குமுன் தாண்டிவிடுவோம். கடைக்காரர் பாளத்தைத் தூக்கிப் பார்ப்பார், நேராக உள்ளே வைப்பார்.

பந்தயத்துக்கு மறுநாள், அந்த முதல் திங்கட்கிழமையைச் சொல்ல வேண்டும். மேடைக்குப் போனோம். சுவரில் பழைய வரிசை அப்படியே இருந்தது. "மொதலாளி வரட்டும், கேட்டு எழுதறேன். அதுவரிக்கும் பின்னால நில்லு" என்றார் மேடை மேஸ்திரி. நான் லாரியை எடுத்தேன். பெரியவர் லாரிக்குப் பின்னாலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். என்ஜினை அணைக்கவில்லை. மேடை அதிர்ந்தது. பெரியவர் தன் லாரியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அவன் எடம் அதுதான்" என்றார்.

மனைவி இறங்கிப் போனாள். அவளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். ஈரச் சாக்கால் எங்கள் எண்ணைத் துடைத்தாள். மேஸ்திரி காதிலிருந்த சாக்பீஸை எடுத்து எழுதினாள்.

இரண்டு.