தெலுக் இந்தான் வீட்டுச் சாவி

அப்பா நோயில் விழுந்ததில் உடம்பு தேறியவள் நான் ஒருத்திதான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார்கள். கிட்னி கெட்டவருக்கு ஆரஞ்சு ஆகாது என்பது எங்கள் சொந்தக்காரர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்களுக்கும் நோயாளி வீட்டுக்கு வேறு என்ன வாங்கிப் போவதென்று தெரியவில்லை. அம்மா நன்றி சொல்லி வாங்கி மேசைமேல் வைப்பார். அவர்கள் வாசல் தாண்டியதும் நான் உரிக்க உட்கார்ந்துவிடுவேன்.

அப்பா கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். லாரியை விட்டுவிட்டு இப்போது வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் கழுவப் போனார். டயாலிசிஸ் என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அரசாங்க மருத்துவமனையில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். கெட்ட ரத்தம் அதுவரை காத்திருக்காதே. அதனால் தனியார் நிலையத்தில் காசு கட்டிக் கழுவினார்கள். முதலில் அம்மாவின் வளையல்கள் போயின. பிறகு தாலிக்கொடி மஞ்சள் கயிறானது. பிறகு, கடன் கொடுத்துவந்த சித்தி எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். மிச்சம் இருந்தது ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்குக் கீழே, வரிசையில் கடைசியாக இருந்த எங்கள் வீடு மட்டும்தான்.

அந்த வீடு அப்பாவுக்கு என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் பிறந்து வளர்ந்தது சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். அங்கே வீடு கம்பெனியுடையது. தாத்தாவின் வேலை நின்றதும் வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சட்டி பானையோடு லாரியின் பின்னால் ஏறி வந்த அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு வீடு வாங்கினார். "இங்க யாரும் நம்மள காலி பண்ணச் சொல்ல முடியாதுலா" என்பார். குழாய் ரிப்பேர் செய்ய வந்த ஆளிடம்கூடச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் யாரையும் காலி செய்யச் சொல்லி வரவில்லை, பாவம்.

ஆகவே அப்பாவின் காதில் விழும்படி வீட்டில் யாரும் 'விற்பது' என்ற சொல்லை எடுக்கவில்லை. அம்மா வேறு சொல் வைத்திருந்தார். "வீடு மாத்துறோம்" என்றார். என்னிடமும் அதையே சொன்னார்.

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. மாத்துவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? சமையல் கேஸ் தீர்ந்தால் கடைக்காரர் மோட்டாரில் வருவார்; காலித் தோம்பை எடுத்துக்கொண்டு நிறைந்த தோம்பை வைத்துவிட்டுப் போவார். பள்ளிச் சப்பாத்து காலைக் கடித்தால் கடைக்குக் கொண்டுபோய் மாத்துவோம். ஒன்றைக் கொடுத்தால் ஒன்று வரும். நம் வீட்டை யாரோ எடுத்துக்கொள்வார்கள், அவர்கள் வீட்டை நாம் எடுத்துக்கொள்வோம். இனி நான் பார்க்க வேண்டியது, வருகிறவர்களின் வீடு எப்படிப்பட்டது என்பதைத்தான்.

வந்தவர்கள் தெலுக் இந்தானிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி. கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மகன் ஈப்போவில் வேலை செய்வதால் பக்கத்தில் இருக்க ஒரு வீடு தேடினார்கள். அப்பா எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல், நாற்காலியில் இருந்தபடியே "வாங்க சார்" என்றார். ஆசிரியர் கூரையையும் சுவரையும் பார்த்தார். அந்த அம்மாள் சமையலறைக்கு வந்தார். நான் பின்னாலேயே போய் என் விசாரணையைத் தொடங்கினேன்.

"ஆன்ட்டி, உங்க வீடு பெருசா?"

"பெரிய வீடுதான் பிள்ளை. பலகை வீடு. பின்னால ரெண்டு ரம்புத்தான் மரம் நிக்குது. காய்ச்சால் சாப்பிட ஆக்கள் இல்லை."

சாப்பிட ஆள் வருகிறது என்று சொல்ல நினைத்தேன். மரியாதைக்காகச் சொல்லவில்லை. ஊஞ்சல் கட்ட வாகான கிளை இருக்கிறதா, ஆறு எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் எல்லாவற்றுக்கும் சந்தோஷமாகப் பதில் சொன்னார். வீட்டை விடப் பிள்ளையைத்தான் பிடித்திருக்கிறது என்று போகும்போது அம்மாவிடம் சொன்னாராம்.

மறுநாள் பள்ளியில் செய்தி பரவியது. பரப்பியது நான்தான். தெலுக் இந்தான் போகிறேன், ஆற்றங்கரையில் பெரிய வீடு, ரம்புத்தான் காய்க்கும்போது எல்லாரும் வரலாம் என்று மூன்றாம் ஆண்டு வகுப்பு முழுவதற்கும் அழைப்பு வைத்தேன். அங்கே நல்ல தமிழ்ப்பள்ளி இருக்கிறதா என்று ஆசிரியை கேட்டார். இருக்கிறது என்று நானே முடிவு செய்து சொன்னேன். கடைசி வெள்ளிக்கிழமை எனக்குப் பிரியாவிடை நடந்தது. ஆசிரியை தம் செலவில் கேக் வாங்கி வந்தார். என்னோடு பேசாதிருந்த ஒருத்திகூட வாசனை ரப்பர் ஒன்றைக் கொடுத்து அழுதாள். நானும் அழுதேன். ஆனால் இரண்டு துண்டு கேக் தின்றேன்.

சனிக்கிழமை காலை மாமா லாரி கொண்டு வந்தார். சாமான் எல்லாம் ஏறின. அந்தத் தம்பதி சாவி வாங்க வந்திருந்தார்கள். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாவிக் கொத்திலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். இது முன் கதவு, இது கிரில், இது பின்கதவு, கொஞ்சம் தூக்கித் திறக்கணும் சார். பின்கதவுச் சாவியைப் பற்றி மட்டும் இரண்டு தடவை சொன்னார். பிறகு கொத்தைக் கொடுத்தார்.

நான் அந்த அம்மாள் முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

"உங்க வீட்டுச் சாவி, ஆன்ட்டி?"

அவருக்கு விளங்கவில்லை. "என்ன சாவி பிள்ளை?" என்றார்.

"மாத்துறோம்ல. எங்க சாவி குடுத்தாச்சு. உங்க சாவி?"

ஆசிரியர் கையிலிருந்த கொத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் கைப்பையைத் திறந்தார், எதையும் எடுக்காமல் மூடினார். அம்மா லாரிப் பக்கம் திரும்பி, கட்டியிருந்த கயிற்றையே மறுபடி இழுத்துக் கட்டினார். என் கை மட்டும் நீட்டியபடி இருந்தது.

அப்பாதான் சொன்னார். "அந்த வீடு வேணாம்னு நான்தான் சொல்லிட்டேன் பாப்பா. தெலுக் இந்தான்லேருந்து தினம் எப்படி ரத்தம் கழுவ வர்றது? தூரம்லா."

தினம் இல்லை, வாரத்துக்கு மூன்று தடவைதான் என்று எனக்குத் தெரியும். ஆத்திரத்தில் அதைச் சொல்லவும் மறந்தேன். லாரியில் அப்பா பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று அம்மாவின் மறுபக்கம் ஏறிக்கொண்டேன். லாரி ரொம்பத் தூரம் போகவில்லை. இரண்டு சிக்னல் தாண்டி, ஒரு அடுக்குமாடியின் கீழே நின்றது. மூன்றாம் மாடியில் ஒரு வாடகை வீடு, மின்தூக்கி கிடையாது. மாமா அப்பாவை முதுகில் சுமந்து ஏறினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அதே பள்ளிக்கு, அதே வகுப்புக்குப் போய் நின்றேன். வாசனை ரப்பர் கொடுத்தவள் அதைத் திருப்பிக் கேட்டாள்.

அடுத்த ரம்புத்தான் பருவத்தில், யாரும் சொல்லாமலே அந்தத் தம்பதி ஒரு கூடை நிறையப் பழத்தோடு மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்தார்கள். அப்பாவுக்கு அதுவும் ஆகாது. அவர்கள் இறங்கிப் போனதும் நான் கூடையோடு தரையில் உட்கார்ந்தேன். அம்மா சன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவுக்குச் சவரம் செய்யத் தொடங்கினார். ஊசி போட்டுப் போட்டு அப்பாவின் கை வீங்கியிருந்ததால் அது அம்மாவின் வேலையாகியிருந்தது.

பழம் தித்தித்தது. தித்திக்கத் தித்திக்க எனக்குக் கோபம் திரும்பி வந்தது.

"ஏம்மா, அவங்களுக்கு நம்ம வீடும் இருக்கு, ரம்புத்தான் வீடும் இருக்கு. மாத்துனதுல நமக்கு என்னதான் கிடைச்சுது?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, "பேசாதீங்க, வெட்டிரும்" என்றார். நுரையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "கிடைச்சிருக்குலா."

நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பழைய காற்றாடி. பழைய மேசை. பழைய நாற்காலி, அதில் பாதி முகம் நுரையோடு என்னைப் பார்த்துச் சிரிக்கிற அதே அப்பா. எவ்வளவு தேடியும் புதிதாக ஒன்றும் என் கண்ணில் படவில்லை.