அக்காவின் குரலும் நாய்ஸ் கேட்டும்

கறுப்புத் தகரப் பெட்டி. முன்புறம் இரண்டு குமிழ்கள், ஒரு சிவப்பு விளக்கு. எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவின் ஈப்போவில் ஒரு துணிக்கடை மாடியிலிருந்த எங்கள் ஒலிப்பதிவு அறைக்கு முதலாளி அதை வாங்கி வந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. நாய்ஸ் கேட் என்றார். பேசினால் திறக்கும், பேச்சு நின்றால் மூடிக்கொண்டு மின்விசிறி இரைச்சலையும் லாரிச் சத்தத்தையும் நாடாவில் ஏறவிடாது. எவ்வளவு சத்தத்துக்குத் திறக்க வேண்டும் என்பதைக் குமிழைத் திருப்பி நான் முடிவு செய்வேன்.

எங்களுக்கு விளம்பரம் பேசியவரை எல்லோரும் அக்கா என்றே அழைத்தோம். செமோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் காலையில் பால்மரம் வெட்டிவிட்டு மதியப் பேருந்தில் வருவார். துணிக்கடைத் தள்ளுபடியோ கோயில் திருவிழாவோ, வேன் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தால் ஆட்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். ஒரு விளம்பரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, தணிந்த குரலில் மகளைப் பற்றிச் சொல்வார். புதுச் சப்பாத்தைக் கழற்ற மாட்டேன் என்று அழுது, அதைப் போட்டுக்கொண்டே அவள் தூங்கிப்போன கதையைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நாடாவை நிறுத்தத் தோன்றாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் வருடம் அவருடைய சொற்களின் கடைசி எழுத்துகள் அறுபடத் தொடங்கின. குமிழைக் கொஞ்சம் இறக்கினேன். அடுத்த வாரம் இன்னும் இறக்க வேண்டியிருந்தது.

"சத்தமா பேசச் சொல்லுலா, வார்த்த பாதியில போகுது," என்றார் முதலாளி.

அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, கோளாறு என் தொண்டையிலயா, உன் மெஷின்லயா?"

"மெஷின்லதான்க்கா," என்றேன். பொய் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் பேசும்போது குமிழைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

கேட்டை விட்டுவிட்டு, அதே பெட்டியிலிருந்த எக்ஸ்பாண்டருக்கு மாற்றினேன். அது அடியோடு மூடாது, தணிந்த சத்தத்தை மேலும் தணிக்கும், அவ்வளவுதான். சொற்கள் அறுபடுவது நின்றது. ஆனால் விசிறியின் இரைச்சல் ஏறியது; அக்காவின் குரல் அதற்குள் அமிழ்ந்துகொண்டே போனது. கடைசியில் நான் உண்மையைச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னபோது மூன்று மாதங்கள் ஓடிவிட்டன. தொண்டையில் கட்டி. உயிர் பிழைத்தார், குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

முன்னதாகவே போயிருந்தால் குரல் தப்பியிருக்குமா? எனக்கு இன்றுவரை தெரியாது.

கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு ஒரு பிற்பகல் மாடியேறி வந்தார். தாளில் எழுதிக் காட்டினார்: "மகளுக்கு என் பேச்சு வேணும். விளம்பரம் வேணாம். நடுவுல நான் பேசுவேனே, அது."

பழைய நாடாக்களைத் தேடியெடுத்துப் போட்டேன். தள்ளுபடி விளம்பரம் கணீரென்று வந்து முடிந்தது. அடுத்து சப்பாத்துக் கதை வர வேண்டும். நாடா சுற்றியது. ஒன்றுமில்லை. தணிந்து பேசிய அத்தனையையும் கேட் இரைச்சலோடு சேர்த்து அடைத்துவிட்டிருந்தது.

"இதுல ஏறலக்கா," என்றேன்.

அவர் நம்பவில்லை. நாற்காலியை ஒலிபெருக்கியருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கையைக் காட்டினார். கூட்டினேன். இன்னும், என்றது கை. குமிழ் அதற்கு மேல் திரும்பவில்லை.