ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்

முதலில் காட்டிக்கொடுத்தது காலுறைதான். சாயங்காலம் என் கணவர் அதைக் கழற்றியபோது கணுக்காலுக்கு மேலே வளையம் போட்டதுபோல ஒரு பள்ளம். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் பிசைந்த மாவில் விழுந்த குழிபோல அது அப்படியே நின்றது.

"குளிர்ல நடந்தா கால் கனக்கத்தான் செய்யும் மேரி" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வெந்நீர் வைக்கப் போனேன்.

அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மலேசியாவில் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்குமேல் டிரெஸராக (கட்டுப்போடுவது, ஊசி போடுவது, மருந்து கொடுப்பது எல்லாம் செய்கிற உதவியாளர்) இருந்தவர். எத்தனையோ பேருடைய காலை இப்படி அமுக்கிப் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று துரத்தியவர். தன் காலுக்கு மட்டும் குளிர்மேல் பழியைப் போட்டார்.

நாங்கள் ஏற்காட்டுக்கு வந்தது வயதான பிறகு. பிள்ளைகள் தலையெடுத்து, வேலையும் ஓய்ந்துவிட்ட தம்பதிகளை எங்கள் சபை இரண்டிரண்டு வருஷத்துக்கு ஊழியத்துக்கு அனுப்பும். முதல் இரண்டு வருஷம் முடிந்ததும் இன்னொரு இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டோம். ஊழியம் என்றால் மேடையும் ஒலிபெருக்கியும் என்று நினைத்துவிட வேண்டாம். காலை ஒன்பது மணிக்கு ஜீப் வரும். வெள்ளக்கடைப் பக்கமோ மஞ்சக்குட்டைப் பக்கமோ போவோம். வீடு வீடாக உட்காருவோம். அவர் இரத்த அழுத்தம் பார்ப்பார். மாத்திரை அட்டைகளைப் பிரித்து, எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று எடுத்து வைப்பார். நான் பேசுவேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். மிச்சத்தையெல்லாம் மனிதர்கள் வாயைப் பார்த்துத்தான் படித்தேன்.

அந்த மலைக்காரர்களின் சாமி வேறு, எங்கள் சாமி வேறு. கேட்டால் சொல்வோம். கேட்காவிட்டால் ஜெபத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வருவோம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் அது பெரிய கூட்டம்.

வெள்ளக்கடைக்குப் போன முதல் வாரம் ராமாயி என்கிற அம்மாள் எங்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். சொந்தமாகக் கொஞ்சம் காப்பிச் செடியும் மிளகும் வைத்திருப்பவர். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. கதவோரம் நின்று, நாங்கள் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் பேச்சே வந்தது.

"முன்னால ஒரு ஆபீசரு கணக்கெடுக்க வந்தாருங்க. காப்பி வச்சேன். அவரு பைக்குள்ளேருந்து பாட்டில் தண்ணிய எடுத்துக் குடிச்சாரு. எங்கூட்டுக் காப்பி அப்படியே ஆறிப் போயி, ஈ உழுந்து கெடந்துச்சுங்க."

திரும்பும்போது ஜீப்பில் என் கணவர் சொன்னார்: "இந்த மலையில யார் எதைக் கொடுத்தாலும் நாம வேண்டாம்னு சொல்லக் கூடாது மேரி."

அதுவே எங்கள் சட்டமாகிவிட்டது. ஏழு வீடு என்றால் ஏழு டம்ளர். வெயில் நாளில் மோர், சில வீட்டில் கேழ்வரகுக் கூழ். ஜீப் ஓட்டுகிற முருகேசன் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார்: "ஏனுங்கய்யா, வண்டிக்கு ஊத்தற டீசலக் காட்டியும் உங்களுக்கு ஊத்தற காப்பி நொம்ப சாஸ்தியா இருக்குதுங்க."

கால் வீங்கி இரண்டு மாதத்தில் மேட்டில் நாலு அடி வைத்தாலே மூச்சு வாங்கியது. படுத்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல இருக்கிறது என்று தலையணைமேல் தலையணையாக அடுக்கிச் சாய்ந்து தூங்கினார். அதற்குப் பிறகுதான் சேலத்துக்கு இறங்கினோம்.

எக்கோ (ஒலி அலைகளை வைத்து இதயம் வேலை செய்வதைப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தார்கள். டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். இதயச் செயலிழப்பு என்று ஒரு தாளில் எழுதியிருந்ததைப் படித்ததும் தாளை அவரிடமே திருப்பி நீட்டினேன்.

"பயந்துறாதீங்கம்மா. நின்னு போச்சுன்னு அர்த்தம் இல்லீங்க. பம்ப் தேஞ்சு போயிருக்கு. அது எறைக்க முடியாத தண்ணி காலுலயும் நுரையீரல்லயும் தேங்குது, அவ்வளவுதான்."

நீர் மாத்திரை (தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து) எழுதிக் கொடுத்தார். உப்பைப் பாதியாக்கச் சொன்னார். தினமும் காலையில் எடை பார்க்கச் சொன்னார். கடைசியில் ஒரு விரலை நீட்டினார். "ஒரு நாளைக்கு ஒரு லிட்டர். தண்ணி, காப்பி, கஞ்சி, மோர், எல்லாம் சேத்து."

ஒரு லிட்டர் எவ்வளவு சின்னது என்று அளந்து கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலையில் ஒரு பாட்டிலை நிரப்பி மேசைமேல் வைப்பேன். மாத்திரை விழுங்க எடுத்தது, கஞ்சிக்கு எடுத்தது எல்லாம் அதிலிருந்து குறையும். சாயங்காலம் பாட்டிலின் அடியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் கொடுக்க மாட்டேன். வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்வேன். அந்தக் கண்டிப்பில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

ஆனால் ஒன்பது மணிக்கு ஜீப் வந்துவிடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல்முறை ராமாயி காப்பி வைத்தபோது என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர் குடித்தார். அடுத்த வீட்டிலும் குடித்தார். திரும்பும்போது, "ஒருத்தர் வீட்டுல வேண்டாம்னா அவங்க தாகத்தையா நினைப்பாங்க? சாதியைத்தான் நினைப்பாங்க" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. உண்மையைச் சொன்னால் இன்னொன்றும் இருந்தது. எல்லா வீட்டிலும் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அதை இழக்க எனக்கு மனசில்லை.

மாதா மாதம் டாக்டர் கேட்பார்: "தண்ணி எவ்வளவுங்கம்மா குடிக்கிறாரு?"

"ஒரு லிட்டர் டாக்டர். நான் அளந்துதான் கொடுக்கிறேன்."

நான் அளந்துதான் கொடுத்தேன், அதில் பொய் இல்லை. என் கணவர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீக்கம் வடியாததால் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த மாதமும் கூட்டினார். முதலில் கொடுத்ததைப்போல மூன்று மடங்காகிவிட்டது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்படித் தண்ணீர் அளந்து கொடுக்கிறவர்கள் இருந்தால், இந்த இடத்தை இரண்டுமுறை படியுங்கள். டாக்டர் மருந்தை அளந்து கொடுப்பது நாம் சொல்லும் வார்த்தையை வைத்துத்தான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பாதையில் சில்வர் ஓக் மரம் விழுந்து ஜீப் வரவில்லை. ஆறு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தோம். அந்த ஆறு நாளும் அவர் குடித்தது உண்மையிலேயே ஒரு லிட்டர். மாத்திரை மட்டும் அதே மூன்று மடங்கு.

எடை இறங்கத் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஒரு கிலோ. காலுறை போட்டால் பள்ளம் விழவில்லை. கன்னம் ஒட்டி, பழைய முகம் தெரிந்தது. நான் மண்டியிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். நாலு வருஷம் பிறருக்காகக் கேட்ட ஜெபத்துக்கெல்லாம் சேர்த்துக் கர்த்தர் பதில் கொடுத்துவிட்டார் என்று மகளுக்குப் போன் பண்ணினேன். என் ஜெபத்தில் இன்றைக்கும் எனக்குக் கூச்சமான ஜெபம் அது ஒன்றுதான்.

ஆறாம் நாள் காலையில் நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே மடங்கி விழுந்தார். நாக்கைத் தொட்டுப் பார்த்தேன், துணியைப்போலக் காய்ந்திருந்தது. முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு சிறுநீர் போகவில்லை என்று அப்போதுதான் சொன்னார். விழுந்த மரத்தைத் தாண்டி முருகேசனும் இன்னும் மூன்று பேரும் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் ஜீப்பில் வைத்தார்கள்.

சேலத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட முடியாமல் இரத்தத்தில் தங்கிவிடும் கழிவின் அளவு) பார்த்தார்கள். டாக்டர் அந்தத் தாளையும் பழைய தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஒரே மனுசன், ஒரே மாத்திரை. மூணு மாசமா கூட்டிக் குடுத்தும் ஒரு கிலோகூட எறங்கல. இப்ப ஆறு நாள்ல காஞ்சு போயிட்டாரு. எனக்குப் புரியலீங்க" என்றார்.

படுக்கையிலிருந்து என் கணவர்தான் சொன்னார், ஒவ்வொரு வீடாக, எந்த வீட்டில் எத்தனை என்று. அவர் ஞாபகம் வைத்திருந்தார்.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "ரெண்டரை லிட்டர் குடிக்கிறவருக்கு உண்டான மருந்த, ஒரு லிட்டர் குடிக்கிறவருக்குக் குடுத்திருக்கேன்" என்று தனக்குத் தானே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும் கூடத்தானே இருந்தீங்கம்மா?"

மூன்றுமுறை டயாலிசிஸ் (சிறுநீரகம் செய்ய வேண்டிய வடிகட்டலை வெளியே இயந்திரத்தில் செய்வது) செய்தார்கள். சிறுநீரகம் கொஞ்சம் தேறியது, முழுசாகத் தேறவில்லை. மாத்திரையைக் கூட்டினால் சிறுநீரகம் போகும், குறைத்தால் நுரையீரலில் தண்ணீர் ஏறும். நடுவில் இருக்கிற இடம் நொம்பச் சின்னது என்று டாக்டர் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

ஊருக்குத் திரும்பி வாருங்கள் என்று சபையிலிருந்து சொன்னார்கள். விமானத்தில் ஏறும் நிலையில் இல்லை என்றார் டாக்டர். என் கணவர் "ராமாயிகிட்ட நானே சொல்லணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

போனோம். ராமாயி அடுப்படிக்குப் போகத் திரும்பியபோது, "இருங்க தாயி" என்று என் கணவர் நிறுத்தினார். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னார். ஆபீசர் கதையைக் கேட்ட நாளிலிருந்து சொன்னார்.

ராமாயி கேட்டு முடித்து அவர் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, இத்தன நாளும் எங்களுக்குப் பயந்துக்கிட்டா குடிச்சீங்க?"

"பயம் இல்லம்மா. உங்க மனசு நோகக் கூடாதுன்னு" என்றேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா கடிச்சா தின்னிருப்போம்? எங்கூட்டுக்காரருக்குச் சக்கர நோயி. அவருக்குச் சக்கரையில்லாம ஆத்திக் குடுக்கறதே நாந்தான். உங்களுக்கு ஒண்ணுமே குடுக்காம உக்கார வெக்க எனக்குத் தெரியாதுங்களா?" குரல் தணிந்தது. "அந்த ஆபீசரு எங்க கையில வாங்கல. நீங்க எல்லாத்தையும் வாங்கிக்கிட்டீங்க, இத ஒண்ணு மட்டும் எங்ககிட்டச் சொல்லல. இப்ப அந்தக் காப்பி போட்ட கைய நான் என்னங்க பண்றது?"

மதிப்பு கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, அவர்கள் புரிந்துகொள்வார்கள் என்கிற மதிப்பை மட்டும் நாங்கள் கொடுக்காமல் விட்டிருந்தோம்.

கொஞ்ச நேரம் கழித்து ராமாயி ஒரு பாயை விரித்தார். "சாஞ்சுக்குங்க. சும்மா இருந்துட்டுப் போங்க."

அதற்குப் பிறகு ஏழு வாரம். வாரத்தில் இரண்டு நாள் யாராவது ஒருவர் வீட்டில் அவர் வெறுங்கையோடு சாய்ந்திருப்பார். யாரும் எதையும் நீட்டவில்லை. ஒரு வீட்டில், அவர் எதிரில் தாங்களும் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். குழந்தைகளைக்கூடப் பின்பக்கம் அழைத்துப் போய்க் குடிக்க வைத்தார்கள்.

தை மாதத்தில் ஒரு காலை எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது. மறுநாள் இன்னும் ஒன்றரை. சேலத்து ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம்.

மூன்றாம் நாள் பகலில் தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார். நான் பழக்கத்தில் நர்ஸைப் பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் என் தோளில் கையை வைத்து, "குடுங்கம்மா. இப்ப எவ்வளவு வேணும்னாலும் குடுக்கலாம்" என்றார்.

அந்த வார்த்தையின் பொருள் எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்தது, டிரெஸர் அல்லவா. ஒரு கரண்டி வாங்கினார். இரண்டாவது கரண்டிக்கு உதட்டைத் திறக்கவில்லை. போதும் என்பதுபோல என் மணிக்கட்டைத் தொட்டார். சாயங்காலத்துக்கு முன்னால் போய்விட்டார்.

நான் இன்னும் ஏற்காட்டில்தான் இருக்கிறேன். இந்த முறை எத்தனை நாள் என்று சபைக்குச் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. நோயோடு இருந்தபோது ஒரு நாள் என்பது எங்களுக்கு ஒரு லிட்டர் நீளம். அது தீர்ந்தால் நாளும் தீர்ந்தது. இப்போது நாளுக்கு அடியும் இல்லை, விளிம்பும் இல்லை. மத்தியானம் ஆகிவிட்டதா என்று யாரையாவது கேட்க வேண்டியிருக்கிறது.

என் இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது ஒவ்வொரு விழுங்கும் தனித்தனியாகத் தெரிகிறது. வறண்டுபோகிறவரை குடிக்கத் தோன்றுவதில்லை. தாகம் எடுத்தால் இந்த உடம்பு எழுந்துபோய்க் குடிக்காமல், சின்னப் பிள்ளைபோல உட்கார்ந்து யார் முகத்தையோ பார்க்கிறது. குடி என்று அதற்கு நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.