தனியாக எடுத்து வைத்த வாழைக்காயும் பெயர் தெரியாத காய்ச்சலும்

சமயபுரத்தாளை நம்பி நடக்கிற நம் பாதயாத்திரைக் குழுவின் அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், ஸ்ரீரங்கத்திலிருந்து உங்களில் ஒருத்தி எழுதுவது.

இதை எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று நினைத்தே வருஷங்கள் போய்விட்டன. ஒவ்வொரு மாசியிலும் நம் குழுவில் அவரவர் அனுபவத்தைச் சொல்லச் சொல்வார்கள். என் முறை வரும்போது நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். ஒன்பதாவது வரைதான் படித்தவள் என்றாலும் பிழை வந்துவிடுமே என்று பயந்ததில்லை. நான் ஒன்று சொல்ல, கேட்டவர்கள் அதில் இன்னொன்றைச் சேர்த்துச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதில் விழுந்து எழுந்தவள் நான். அந்தப் பயம்தான் இத்தனை நாள் வாயைக் கட்டியிருந்தது.

நடந்தது கொரோனா ஊரடங்கு வந்த 2020ஆம் வருஷம். அப்போது தை மாசம். கொரோனா என்ற பேச்சு டிவியில் எங்கேயோ சீனாவில் என்று வந்துகொண்டிருந்தது. நாங்கள் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

தைப்பூசம் அன்று அம்மன் கொள்ளிடக் கரைக்கு வந்து, அண்ணன் ரங்கநாதரிடம் சீர் வாங்கிக்கொண்டு போவாள் அல்லவா. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. என் வீட்டுக்காரரின் தம்பி செல்வம்தான், நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, தைப்பூசத்துக்கு எனக்கு வெற்றிலை பாக்கும் ஒரு ரவிக்கைத் துணியும் கொண்டுவந்து கொடுப்பார். "ரங்கநாதர் பட்டு குடுக்குறார், என்னால ஜாக்கெட் பிட்டுதான் முடியும் அண்ணி" என்று சிரிப்பார். அவருக்கு வீடு எடமலைப்பட்டி புதூரில். ஏர்போர்ட்டில் வாடகைக் கார் ஓட்டுகிறார். அன்று மத்தியானம் அவரும் அவர் மனைவி சாந்தியும் பிள்ளைகளும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள்.

நான் கத்தரிக்காய் சாம்பார் வைத்திருந்தேன். தம்பிக்குக் கத்தரிக்காய் ஆகாது, உடம்பெல்லாம் அரிக்கும். அதனால் அவருக்கு மட்டும் வாழைக்காய் வறுத்து, ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு மூடி, தனியாக எடுத்து வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

இரண்டு நாளில் அவருக்குக் காய்ச்சல். வறட்டு இருமல். பேசினால் மூச்சு இரைத்தது. புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, மலேரியா இல்லை. எக்ஸ்ரேயில் நெஞ்சில் சளி என்றார்கள். ஏதோ வைரஸ் காய்ச்சல் என்று சொல்லி ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தும் இருமல் விடவில்லை. எதைச் சாப்பிட்டாலும் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்றார். ஊதுபத்தியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் புகை தெரிகிறது, வாசனை தெரியவில்லை என்றார். அப்படி ஒரு நோயை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

என் மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். அத்தைதான் முதலில் அந்த வார்த்தையை எடுத்தார். "ருசி போச்சுன்னா அது காய்ச்சல் இல்லடி. யாரோ புள்ளைக்கு மருந்து வச்சிருக்காங்க." சோற்றில் கண்ணுக்குத் தெரியாமல் எதையோ கலந்து கொடுத்து ஆளை உருக்கிவிடுகிற இடுமருந்தைத்தான் சொன்னார். அப்போது அவர் என்னை நினைத்துச் சொல்லவில்லை. என்னிடம்தான் சொல்லி அழுதார்.

சாந்தி தம்பியை ஆற்றுக்கு அக்கரையில் மருந்து எடுக்கிற ஒருவரிடம் கூட்டிப்போனாள். அந்த ஆள் வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, எதையோ வெளியே துப்பிக் காட்டினாராம். அதற்கு முன்னால், "சமீபத்துல யாராச்சும் உனக்குன்னு தனியா ஏதாவது குடுத்தாங்களா?" என்று கேட்டிருக்கிறார். காய்ச்சல் மயக்கத்தில் தம்பி, அண்ணி வாழைக்காய் வறுத்து வைத்ததைச் சொல்லியிருக்கிறார். அவர் வெள்ளந்தியாகத்தான் சொன்னார். அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டு, பொம்பளை கை, சொந்தத்துக்குள்ளே என்று சொல்லிவிட்டார். எங்கள் மாமனார் காலமான பிறகு ஸ்ரீரங்கத்து வீட்டைப் பிரிக்கிற பேச்சு ஒன்று அரைகுறையாக நின்றிருந்தது. பிறகு காரணம் தேட வேண்டியிருக்குமா?

அங்கே போய்வந்த பிறகு தம்பிக்கு மூச்சுத் திணறல் அதிகமாகி மறுபடியும் புத்தூருக்கே கொண்டுபோனார்கள். எனக்கு எதுவும் தெரியாது. பிளாஸ்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். வார்டு வாசலிலேயே சாந்தி நின்றிருந்தாள்.

"இனிமே எதுவும் கொண்டு வராதீங்க."

"ஏன் சாந்தி?"

"வேணாம்னா விட்டுடுங்க."

எப்போதும் அக்கா என்று கூப்பிடுகிறவள், அன்று கூப்பிடவில்லை. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் திரும்பி வருகிற வரைக்கும் பிளாஸ்க் என் மடியில் சூடாகவே இருந்தது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். "நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "நான் என்னத்தச் சொல்ல" என்றார். சாப்பிட உட்கார்ந்தபோது, "நீயும் கூட உக்காந்து சாப்பிடேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிக் கேட்டதில்லை. ஆசையாகக் கேட்டாரா, முதலில் நான் சாப்பிடட்டும் என்று கேட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை.

அத்தை மறுநாளிலிருந்து ஒரு சின்ன குக்கரில் தனக்குத் தானே வடித்துக்கொண்டார். தண்ணீர்கூடத் தானே மொண்டு குடித்தார். வெளியே வாழைக்காய் பாயசமாக மாறியிருந்தது. தனிக் கிண்ணத்தில் பாயசம் கொடுத்தாளாம் என்றார்கள். அதற்கடுத்த வாரம், அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்க வைத்தாளாம் என்று ஆனது. எங்கள் அடுப்படிக்குக் கதவே கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கும் அந்த நாட்களில் லேசாக ஜலதோஷம் பிடித்தது. பிறகு எனக்கும் வாசனை போய்விட்டது. தாளிக்கிற வாசனை இல்லை, மல்லிகைப்பூ வாசனை இல்லை. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால், கலந்தபோது ருசி பார்த்திருப்பாள் என்பார்கள். ஒரு சமயம் எனக்கும் யாரோ வைத்துவிட்டார்களோ என்றுகூடத் தோன்றியது. அத்தையின் குக்கரைப் பார்ப்பேன். சாந்தி கடைசியாகக் கொடுத்துவிட்டுப் போன இனிப்பு டப்பாவைப் பார்ப்பேன். சந்தேகம் அப்படித்தான். நம் மேல் விழுந்தால் நம் கையையும் தூக்கி அடுத்தவர் பக்கம் நீட்ட வைக்கும்.

தம்பி பிழைக்காமல் போனால் ஜென்மத்துக்கும் நான்தான் கொன்றவள். அவரோ கூடப்பிறந்தவர் மாதிரி எனக்குச் சீர் கொடுக்கிற ஒரே ஆள். இரண்டு துக்கத்தையும் சுமந்துகொண்டு, மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலுக்கு ஒரு கூடைப் பூவோடு கொள்ளிடம் பாலத்தில் நடந்து சமயபுரம் போனேன். கோயில் முழுக்கப் பூ. தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். எனக்கு ஒரு துளி வாசனை வரவில்லை. கல்லின் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. அம்மாவும் என்னை விட்டுவிட்டாள் என்று அழுதேன்.

நமக்காக அவள் பச்சைப் பட்டினி இருக்கத் தொடங்குகிற நாள் அது. சமைத்த நைவேத்தியம் எதையும் தொடமாட்டாள். துள்ளு மாவு, இளநீர், பானகம், பழம், அவ்வளவுதான். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நான் சமைத்ததை நம்பித் தொட என் வீட்டிலேயே ஆள் இல்லை. இந்த மாசம் அம்மாவுக்கும் சமைத்தது ஆகாது. நாங்கள் இருவரும் சேர்ந்தே இருந்துவிடுவோம்.

"அம்மா, யார் செஞ்சதுன்னு நான் கேக்கல. என் பேரைக் காப்பாத்துன்னும் கேக்கல. அந்தப் புள்ளைக்குப் பசி எடுக்கணும். அதை மட்டும் குடு" என்று வேண்டிக்கொண்டேன். அன்றிலிருந்து விரதம்.

அந்த வாரமே, செவ்வாய்க்கிழமை, என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தம்பிக்கு மூச்சு சீராகிவிட்டது. ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். கண்ணைத் திறந்து அவர் சொன்ன முதல் வார்த்தை "பசிக்குது." நான் கேட்ட அதே வார்த்தை. அடுப்படித் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

அவர் வீடு திரும்பினார். ஊரடங்கு வந்தது. பக்தர்கள் வர முடியாதபடி கோயில் நடையைச் சாத்திவிட்டார்கள். அம்மன் விரதம் முடிகிற நாளில் நானும் வீட்டிலேயே அவள் படத்துக்கு முன்னால் முடித்துக்கொண்டேன். யாரும் யார் வீட்டுக்கும் போக முடியவில்லை. சந்தேகத்துக்கும் அது வசதியாகப் போயிற்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே அது வளர்ந்தது.

பிறகு ஒரு நாள் டிவியில் சொன்னார்கள், கொரோனா வந்தால் வாசனையும் ருசியும் போகும் என்று. "இது அதுதானோ?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"சும்மா இரு" என்றார். "மருந்து வச்சேன்னு சொன்னவங்க, அதையும் நீதான் கொண்டு வந்தேம்பாங்க."

அவர் சொன்னதும் சரிதான். கொரோனா வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்த காலம் அது. வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் இரண்டாவது அலையில் சாந்திக்கு வந்தது. டெஸ்ட்டில் உறுதியானது. வீட்டிலேயே ஒரு அறையில் தனியாக இருக்கச் சொல்லிவிட்டார்கள். தம்பி போன் செய்தார். ஒரு வருஷத்துக்கு மேல் கேட்காத குரல்.

"அண்ணி, சாந்திக்கு எந்த வாசனையும் தெரியலைங்குறா. வாயில மண்ணு மாதிரி இருக்காம்." பிறகு அவரே சொன்னார். "எனக்கு அப்ப இருந்துச்சே, அப்படியே அண்ணி."

நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பிள்ளைங்க சாப்டாச்சா?" என்று மட்டும் கேட்டேன். அவருக்குச் சமையல் வராது. ஊரடங்கில் கடையும் இல்லை. ரசமும் சாதமும் கேரியரில் போட்டு என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். பாலத்தில் போலீஸ் நிறுத்தியபோது, வீட்டில் நோயாளி, சாப்பாடு என்று மூடியைத் திறந்து காட்டிவிட்டுப் போனாராம். அவர் திரும்பி வருகிற வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நோயைவிட அந்தக் கேரியரைப் பற்றித்தான் பயந்தேன். தொடாமல் திருப்பி அனுப்பினால்?

சாந்தியே போன் செய்தாள். அத்தையும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா," என்றாள். "எதுலயும் வாசனை இல்லக்கா. ஆனா சாப்பிட்டேன்."

அடுப்படி வாசலில் நின்றிருந்த அத்தை உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் அவருடைய சின்ன குக்கர் கழுவிப் பரண்மேல் கவிழ்த்து வைத்திருந்தது. "எனக்கும் சேத்து அரிசி போடு" என்றார்.

சாந்தி தேறிய பிறகு தம்பி தன் பழைய எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு போய் புத்தூர் டாக்டரிடம் கேட்டார், அன்றைக்கு வந்ததும் கொரோனாவா என்று. "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அப்ப டெஸ்ட் பண்ணலையே, இப்ப எப்படிங்க சொல்றது" என்று சொல்லிவிட்டார்.

தம்பிக்கு ஒரு ஞாபகம் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ஏர்போர்ட்டில் ஏறிய ஒரு பயணி தஞ்சாவூர் போகிற வரை இருமிக்கொண்டே வந்தாராம். அப்படியானால் அதுதான் என்று ஒரு மனசு சொல்கிறது. அவர் பிள்ளைகளுக்கு ஏன் வரவில்லை, அதே வரிசையில் நின்று கார் ஓட்டுகிறவர்களுக்கு ஏன் வரவில்லை என்று இன்னொரு மனசு கேட்கிறது. யாரோ ஒரு பயணி மேல் சந்தேகப்பட எனக்கு இப்போது நாக்கு எழவில்லை. என் மேல் விழுந்ததையே அவர் மேல் தூக்கிப் போடுவதாக ஆகிவிடும்.

அது கொரோனாதான் என்றால் அம்மா என்ன செய்தாள், தானாகவே குணமாகியிருக்குமே என்று கேட்பவர்களும் உண்டு. என் வீட்டுக்காரரே கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உடம்பில் அம்மை போட்டால் நாம் யார் மேலும் சந்தேகப்படுவதில்லை. அம்மா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை கட்டிவிட்டு, இருப்பவர்கள் பணிவிடை செய்கிறோம். இதற்கு மட்டும் பெயர் தெரியவில்லை. பெயர் தெரியாததால் மனுஷர் பெயரை வைத்துவிட்டோம். என் பெயரை வைத்தார்கள். டாக்டருக்கும் பெயர் தெரியாமல் இருந்த அந்த வாரத்தில், நான் அவளிடம் பசியைக் கேட்டேன், அவள் பசியைக் கொடுத்தாள். நான் கேட்காத என் பெயரையும், அடுத்த வருஷம் ஒரு கேரியரில் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

இப்போது என் வீட்டில் யாராவது யாரைப் பற்றியாவது "அவதான் பண்ணியிருப்பா" என்று தொடங்கினால் நான் எழுந்து விளக்கேற்றிவிடுவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். உங்களில் யாராவது காரணம் தெரியாத கஷ்டத்தில் இருந்தால், யார் செய்தார்கள் என்று தேடாதீர்கள். டாக்டரிடம் போங்கள். அவளிடம் என்ன வேண்டுமோ அதை மட்டும் கேளுங்கள். அவள் பட்டினி கிடப்பதே நமக்காகத்தான்.

இந்தத் தைப்பூசத்துக்குத் தம்பி வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் கொண்டுவந்தார். நான் வாழைக்காய் வறுத்தேன். இந்த முறை எல்லாருக்குமாகச் சேர்த்து வறுத்து, பெரிய பாத்திரத்தில் நடுவில் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு சாந்திதான், "அவருக்குத் தனியா எடுத்து வைக்கலையாக்கா?" என்று கேட்டாள். பிறகு அவளே ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

இதை உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். ஆனால் ஒரு வேண்டுதல். ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் அனுப்புங்கள். அது கொரோனாதான் என்று எழுதாதீர்கள், எனக்கே தெரியாது. அம்மன் கனவில் வந்தாள் என்று சேர்க்காதீர்கள், வரவில்லை. அந்த மருந்து எடுக்கிறவர் எந்த ஊர் என்று தேடி எழுதாதீர்கள். நான் எழுதிய வாழைக்காய், கடைசி ஆள் வரைக்கும் வாழைக்காயாகவே போய்ச் சேரட்டும்.