ஜமீலாவுக்காகக் காத்திருந்த ஜமீலா

திரையில் ஒருவர் பெயர் தெரிந்தால் அந்த ஆளே அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று ஏன் நம்பிவிடுகிறோம்? இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில். கம்ப்யூட்டர் அறையில் ஏசியின் குளிர், அதையும் மீறி மூக்கில் ஏறும் பஞ்சு வாசம்... டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பில்லைக் கீறிக்கொண்டே இருக்கும். உள்ளே போகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட வேண்டும். தூசி பட்டால் சர்வர் கெட்டுவிடும் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். தலையிலும் சட்டையிலும் பஞ்சோடு வருகிறவர்களை யாரும் எதுவும் கேட்டதில்லை.

எம்.சி.ஏ. முடித்து எனக்கு முதல் வேலை. மில்லுக்கு சாப்ட்வேர் எழுதிக் கொடுத்த கம்பெனி என்னை அங்கே அனுப்பியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன்.

புகார் இதுதான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பில் போடும் திரை அப்படியே நின்றுவிடும். நூல் ஏற்றிய லாரிகள் கேட்டில் காத்துக் கிடக்கும்.

"கையில எழுதிக் குடுங்கண்ணே, எம்புட்டு நேரம் நிக்கது?" என்று டிரைவர்கள் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள்.

"எழுதிருவேன். எங் கையெழுத்த செக்போஸ்ட்ல எவம் படிப்பான்?" என்பார் வேலுச்சாமி அண்ணாச்சி. பில் போடும் இருவரில் அவர் ஒருவர். இன்னொருவர் ஜமீலா அக்கா.

ஆபீஸ் மேனேஜர் காரணத்தை முன்பே முடிவு செய்திருந்தார். "அந்தம்மா எதையாவது தட்டி வச்சிருது. பஞ்சு குடோனுக்கு அனுப்பிட்டு வேற ஆளப் போடணும்."

அக்காவுக்கு வீசிங் உண்டு. குடோன் தூசியில் அவரால் நிற்கவே முடியாது. வேலையை விட்டுப் போவதுதான் வழி.

பில்லும் நூல் இருப்பும் பதிவாகும் டேட்டாபேஸுக்குள்ளேயே, தாமதம் எங்கே என்று சோதித்துப் பார்க்கும் வசதி இருந்தது. யாரும் அதைத் தொட்டதில்லை. காலையில் ஒரு தடவையும் மத்தியானம் ஒரு தடவையும் அதன் நிலையைப் பதிவு செய்யச் சொன்னால், இடையில் நேரம் எதில் போனது என்று அதுவே ரிப்போர்ட் தரும். அன்று எடுத்துப் பார்த்தேன். பிராசஸர் சும்மா இருந்தது. டிஸ்க்கும் சும்மா இருந்தது. நேரம் முழுக்கக் காத்திருப்பதிலேயே போயிருந்தது. யாரோ ஒருவர் ஒரு பதிவைத் திறந்து பிடித்துவைத்திருக்க, மற்றவர்கள் அது விடுபடும்வரை நிற்கிறார்கள்.

திரை நின்றிருக்கும்போதே, பிடித்திருப்பது யார், காத்திருப்பது யார் என்று கேட்டு பிரிண்ட் எடுத்தேன்.

பிடித்திருப்பவர்: ஜமீலா.
காத்திருப்பவர்: ஜமீலா.

வாசலை எட்டிப் பார்த்தேன். என் செருப்பும் வேலுச்சாமி அண்ணாச்சியின் செருப்பும் மட்டும் கிடந்தன. அக்கா கேன்டீனுக்குப் போயிருந்தார்.

மேனேஜர் சாப்பிட்டுவிட்டு வந்தார். தாளை வாங்கி, பெயரைப் படித்தார்.

"நாந்தான் சொன்னேன்லா. அவளே அவள மறிச்சிக்கிட்டு நிக்கா. நாளையிலருந்து குடோனு."

அப்போதுதான் உள்ளே வந்த அக்காவுக்கு விஷயம் புரியச் செத்த நேரம் ஆனது.

"சார், நான் இங்க இல்லவே இல்லையே..."

"பேரு இருக்குல்லா?"

"எம் பேர்லதான சார் எல்லாரும் உள்ள போறீக? நீங்க உட்பட."

அது உண்மை. சிஸ்டம் வந்தபோது முதலில் உருவாக்கியது அவர் பெயரைத்தான். பாஸ்வேர்டு அவர் மகளின் பெயர். காவல்காரருக்குக்கூடத் தெரியும். வேறு பெயர் வேண்டும் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

தாளைத் திரும்ப வாங்கினேன். மேனேஜர் பெயரோடு நிறுத்தியிருந்தார். அதே வரியின் கடைசியில் எந்தக் கம்ப்யூட்டர் என்பதும் இருந்தது. படித்தேன்.

"சார், காத்திருக்கிறது அண்ணாச்சி கம்ப்யூட்டர். பிடிச்சிருக்கிறது உங்க கேபின் கம்ப்யூட்டர்."

நூல் இருப்பைத் திருத்தும் திரையைத் திறந்து, பாதியில் விட்டுவிட்டு அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். தினமும் அப்படித்தான் போலிருக்கிறது.

வேலுச்சாமி அண்ணாச்சி குனிந்து பிரிண்டரில் தாளைச் சரிசெய்தபடி சொன்னார்: "பஸ்ஸுல துண்டப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாக. துண்டுல ஜமீலான்னு எழுதியிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அது சிரிப்பா என்று நான் பார்க்கவில்லை.

"அப்படி விட்டுட்டுப் போனா தானா மூடணும்லா? ஒங்க சாப்ட்வேர்லதான் தப்பு" என்றார் மேனேஜர்.

அதில் பாதி சரிதான். என் கம்பெனிக்கு அதையும் எழுதி அனுப்பினேன்.

இப்போது நான் பார்க்கும் டேட்டாபேஸ்கள் எந்த ஊரில் இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாது. வண்ண வண்ணமாய் கிராஃப் வருகிறது. எது தாமதம், என்ன செய்யலாம் என்று அதுவே யோசனையும் சொல்கிறது. பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறது. ஆனாலும் ஒரு பெயர் சிவப்பில் வரும்போது வாசலை எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது... இப்போது வாசலே இல்லை.

மில்லில் மறுநாள் நடந்தது இவ்வளவுதான்.

ஆளுக்கொரு பெயர் உருவாக்கினேன். குடோன் பேச்சு என்ன ஆனது என்று மேனேஜர் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு வெள்ளைத் துணியை மடித்துக் கையில் கொண்டுவந்திருந்தார். தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரவில்லை.

வெகு நேரம் கழித்து கேபினிலிருந்து சத்தம் வந்தது. "ஜமீலா, அந்த ஈரோடு லாரிக்கு பில் என்னாச்சு?"

அக்கா உட்கார்ந்தார். புதுப் பாஸ்வேர்டை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையின் ஒற்றை விரலால் அடித்தார்.

நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.