கடைக்குள் வந்த பங்குனி ஆமை

எங்க மீன் வறுவல் கடை மணல் மேலயே நிக்குது. நாலு சவுக்குக் கம்பு, மேல கீத்து. கதவுன்னு ஒண்ணும் கிடையாது. ராத்திரி அடுப்பையும் கல்லையும் மூட்டை கட்டிக்கினு வூட்டுக்குப் போயிருவோம். விடிஞ்சதும் முதல்ல வர்றது எங்க வூட்டுக்காரருதான். ஈக்கமாறால மணலைக் கோடுகோடா பெருக்கி, தண்ணி தெளிச்சு, சூடம் காட்டினாத்தான் வியாபாரம் ஓடும்னு அவருக்கு ஒரு நம்பிக்கை. காய்ச்சல்ல கிடந்தாலும் பெருக்காம விடமாட்டாரு.

அந்த வருசம் மாசி பூரா செத்த ஆமைங்கதான் கரை ஒதுங்கிச்சு. முட்டை வெக்கக் கரைக்கு வர்ற பங்குனி ஆமைங்க, விசைப்படகு வலையில மாட்டி மூச்சு முட்டிச் செத்ததுங்க. கண்ணு பிதுங்கி, கழுத்து வீங்கி, நாய் கொதறி... மீன் கழுவப் போறப்பல்லாம் அதைத் தாண்டித்தான் போவணும். எனக்குச் சோறு எறங்கல.

ஒருநா கடைக்குள்ள, எண்ணெய் டின் வெக்கிற மூலையில, ஒரு நாய் மணலைப் பறிச்சுக்கினு இருந்துச்சு. விறகால ஒண்ணு போட்டு வெரட்டிட்டுப் பாத்தா, குழிக்குள்ள வெள்ளை வெள்ளையா முட்டை. "யோவ், இங்க வாய்யா!"ன்னு கத்தினேன். வந்து பாத்தாரு, மூஞ்சி செத்துப்போச்சு. இந்த ஆளுக்கு முன்னமே தெரியும்னு அப்பவே புரிஞ்சிபோச்சு.

"போன வாரம்மே. விடியக்கால வந்தா, கடலாண்டேந்து கடைக்குள்ள டிராக்டர் ஓட்டின மாரி தடம். ஆமை பூந்த கடைன்னு தெரிஞ்சா எவன் சாப்பிட வருவான்? அதான் பெருக்கிட்டேன்."

ஆமை வந்து போன இடம் தரித்திரம்னு எங்க ஜனங்களுக்குப் பயம். ஆனா அந்தத் தடத்தைத் தேடித்தான் காலேஜ் புள்ளைங்க தெனம் விடியக்கால கரையோரம் நடக்குதுங்க. தடத்தைப் பாத்தா முட்டையை எடுத்துப்போயி வேலி போட்ட இடத்துல பத்திரமா வெக்குங்க. இந்த மனுசன் பெருக்கினதுல அதுங்க கண்ணுக்குத் தப்பிருச்சு. வந்துச்சே எனக்குக் கோவம்!

மறுநா அந்தக் கூட்டத்துல ஒரு பொண்ணைக் கூப்ட்டுக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கிச்சு. "வெச்ச கொஞ்ச நேரத்துலயே எடுத்திருக்கணும்க்கா. இப்பப் பொரட்டினா உள்ள கரு செத்துரும். இங்கயேதான் பொரியணும்."

"பொரியட்டும்"னேன். வூட்டுக்காரரு தலையில கைய வெச்சுக்கினாரு.

செத்ததையே பாத்துப் பாத்து நொந்து கிடந்தவ நான். உசுரோட ஒண்ணு என் கடையை நம்பி வெச்சிட்டுப் போயிருக்குன்னா, அதைச் சாவ உட்டுருவேனா? குழியை மணலால மூடி, மேல மீன் போடுற பிளாஸ்டிக் கிரேட்டைக் கவுத்து, சுத்தி வலை கட்டி, கல்லை வெச்சேன். நாய் வரக்கூடாதுன்னு மீன் தலை, குடலெல்லாம் தூரமாப் போயிப் புதைச்சேன். ஞாயித்துக்கிழமை கூட்டம் "இன்னாக்கா, கோழி அடை வெச்சிருக்கியா?"ன்னு கேக்கும். "ஆமா, கடல் கோழி"ன்னுவேன். வியாபாரம் ஒண்ணும் படுத்துக்கல. இவரு மட்டும் அந்த மூலையைத் தொடாமலே பெருக்குவாரு.

எனக்குப் பயமெல்லாம் பக்கத்து ரிசார்ட்டு லைட்டுதான். குஞ்சுங்க வெளிச்சத்தைப் பாத்துதான் நடக்குமாம். லைட்டைக் கடல்னு நெனச்சு ரோட்டுக்குப் போயி வண்டியில நசுங்குமாம். வாட்ச்மேனோட சண்டை போட்டுப் பாத்தேன். "மொதலாளியைக் கேளு"ன்னுட்டான்.

சித்திரை வெயில் ஏறின சமயம். பொரியிற நாள் நெருங்கிச்சேன்னு இருட்டு பிரியறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் கடைக்கு வந்தா, கிரேட்டுக்குள்ள மணல் அசையுது. தூக்கினேன். கருப்பா, பொடிசா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு வருதுங்க. வந்த அத்தனையும் ரிசார்ட்டுப் பக்கம் திரும்பிச்சுங்க. "ஐயோ, போச்சே!"ன்னு ரெண்டு கையாலயும் அணை கட்டுறேன், விரலு சந்துல பூந்து போவுதுங்க.

இவரு கடைமேல கிடந்த தார்ப்பாயை உருவிக்கினு ஓடினாரு. லைட்டுக்கு நேரா நின்னு, ரெண்டு கையையும் தூக்கி விரிச்சுப் புடிச்சாரு. நெழலு விழுந்துச்சு. குஞ்சுங்க தெகைச்சு நின்னு, மெதுவா கடல் பக்கம் திரும்பிச்சுங்க. பயத்துல கண்ணை இறுக்கி மூடிக்கினு, "போங்கடி, அந்தாண்ட போங்கடி கண்ணுங்களா"ன்னு கத்தறாரு. ஒண்ணு அவரு கால்மேலயே ஏறி எறங்கிச்சு. மனுசன் அசையல. எனக்கு அழுகையா வந்துச்சு.

கடைசிக் குஞ்சையும் அலை வாங்கிக்கினு போனப்ப நல்லா வெளுத்துருச்சு. நான் அடுப்பு மூட்டப் போனேன். அவரு ஈக்கமாறை எடுத்தாரு. கடைக்குள்ளேந்து கடல் வரைக்கும் மணல்ல தையல் போட்ட மாரி பொடிப்பொடியா தடம். அதையே பாத்துக்கினு நின்னாரு. அப்பறம் ஈக்கமாறைக் கீத்துல சொருவிட்டாரு.

"சாப்ட வர்றவங்க அந்தாண்ட சுத்தி வரட்டும்மே"ன்னாரு.